திரைக்கு உங்கள் முழங்கால் தெரியாது

காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட் இன்னும் வாசல் பையிலேயே கிடக்கிறது. ஹாலில் டீப்பாயைச் சுவரோரம் நகர்த்தி, பாயை விரித்து, செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாயிற்று. ‘பதினைந்தே நிமிடம், முப்பதே நாள்’ என்று வாக்குக் கொடுக்கும் வீடியோ ஓடத் தொடங்குகிறது. திரையில் குதிப்பவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டாது. காலில் மெத்தென்ற ஷூ, காலடியில் மரத்தரை. எதிரே நைட்டியை இடுப்பில் முடிந்துகொண்டு குதிப்பவருக்கு நாற்பத்தெட்டு. வெறுங்கால். வழவழப்பான டைல்ஸ்.

பத்தாவது நிமிடத்தில் அவருடைய இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய ஆரம்பிக்கிறது. பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் நின்றிருந்தால், “முட்டிய வெளிய தள்ளுங்கக்கா” என்று சொல்லியிருப்பார், காரியம் முடிந்திருக்கும். திரையில் இருப்பவரோ, “சூப்பர்! அப்படியே இன்னும் பத்து!” என்கிறார்.

வீட்டு வாசலைத் தாண்டாமல் உடற்பயிற்சி செய்ய இப்போது ஆயிரம் வழிகள். இலவச வீடியோ, கட்டண ஆப், முப்பது நாள் சவால், வாட்ஸ்அப்பில் வரும் மூன்று நிமிடத் துணுக்கு. காசு மிச்சம், நேரம் மிச்சம், நான்கு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் இல்லை. குறிப்பாக, ஜிம்முக்குப் போக வீட்டில் அனுமதியோ நேரமோ கிடைக்காத பெண்களுக்கு இந்தச் செல்போன் திரை உண்மையிலேயே ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால், ஒரு விஷயத்தை இந்த வீடியோக்கள் சத்தமாகச் சொல்வதில்லை. நாம் அவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. சிலம்பக் கூடத்தில் வாத்தியார் கம்பின் நுனியால் மாணவனின் முட்டியைத் தொட்டு நிலையைத் திருத்துவாரே, அந்த வேலையை இங்கே செய்ய ஆள் கிடையாது. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

உடற்பயிற்சி வீடியோ என்ற சங்கதியின் பிறப்பிலேயே ஒரு காயம் இருக்கிறது. 1970-களின் கடைசியில் ‘தி சைனா சிண்ட்ரோம்’ படப்பிடிப்பின்போது ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டாவுக்குப் பாத எலும்பு முறிந்தது. பல வருடங்களாகச் செய்துவந்த பாலே நடனத்தைத் தொடர முடியவில்லை. உடம்பைத் தேற்றிக்கொள்ள வேறு வழி தேடியவர், இசைக்கு ஏற்பச் செய்யும் உடற்பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். 1979-ல் பெவர்லி ஹில்ஸில் சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். 1981-ல் புத்தகம், 1982-ல் வீடியோ கேசட். அந்த கேசட்டும் அதைத் தொடர்ந்து வந்தவையுமாகச் சேர்ந்து 1 கோடியே 70 லட்சம் பிரதிகள் விற்றன. படங்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தினமும் போட்டுப் பார்ப்பதற்காக மக்கள் காசு கொடுத்து வாங்கிய கேசட் அது. தசை எரிய எரியச் செய்யுங்கள் என்ற அர்த்தத்தில் அவர் சொன்ன ஒரு வாசகம் அமெரிக்க வீட்டு வரவேற்பறைகளில் மந்திரம்போல ஒலித்தது.

‘ஏரோபிக்ஸ்’ என்று பெயர்பெற்ற அந்த இசைப் பயிற்சி அலையின் விலை 1985-ல் தெரியவந்தது. கலிபோர்னியாவில் ஏரோபிக்ஸ் வகுப்புகளுக்குப் போகிற 1,200-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு 43 பேர் தங்களுக்குக் காயம் ஏற்பட்டதாகச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் நிலை இன்னும் மோசம்: நான்கில் மூன்று பேருக்குக் காயம். அதிகம் அடி வாங்கியது முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னங்கால் எலும்புப் பகுதி. ஆய்வாளர்கள் கைகாட்டிய காரணங்கள் மூன்று: கொடுத்து வாங்காத கடினமான தரை, பொருத்தமில்லாத காலணி, வாரத்துக்கு நான்கு முறைக்கு மேல் செய்வது. நாற்பது வருடம் கழித்து நம் ஹாலில் நடப்பதை நேரில் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது.

அதன்பிறகு அந்தத் துறையே தன்னைத் திருத்திக்கொண்டது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்படியான, குதிக்காத பயிற்சிகள் வந்தன. 1986-ல் ஃபோண்டாவே அப்படி ஒரு கேசட் வெளியிட்டார். ஜின் மில்லர் என்ற பயிற்சியாளருக்கு முழங்காலில் அடிபட்டபோது, படியில் ஏறி இறங்கிப் பழகும்படி சொன்னார்கள். வீட்டு வாசல் படியில் அவர் ஏறி இறங்கியதுதான் பின்னால் ‘ஸ்டெப் ஏரோபிக்ஸ்’ என்று உலகம் சுற்றியது. பயிற்சியைக் கொஞ்சம் மாற்றிச் செய்வது கையாலாகாதவர்களின் வேலை என்று நினைப்பவர்கள், இந்தத் துறையின் சில கண்டுபிடிப்புகள் அடிபட்டவர்கள் மாற்றிச் செய்ததால் வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு 2020 மார்ச். ஊரடங்கு. பிரிட்டனைச் சேர்ந்த ஜோ விக்ஸ், பள்ளி மூடியதால் வீட்டில் அடைபட்ட பிள்ளைகளுக்காகத் தினமும் காலையில் யூடியூபில் நேரலையாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் 9,55,185 திரைகளில் அது ஓடியது, கின்னஸ் சாதனை. சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டதால் அவருக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. வகுப்பு நிற்கவில்லை. அவருடைய மனைவி முன்னால் நின்று செய்ய, விக்ஸ் பக்கத்தில் நின்று வழிநடத்தினார். உடம்புக்கு ஓய்வு தேவைப்பட்டபோது ஓய்வு கொடுத்தார். அவர் வீடியோக்களில் கற்றுக்கொள்ளத் தகுந்த பாடம் இதுவும்தான்.

காயம் பெரும்பாலும் முதல் நாள் வருவதில்லை. முதல் நாள் வருவது உடம்பு வலி. பழக்கமில்லாத தசைகள் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வலிக்கும். மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும். மூன்று, நான்கு நாளில் தானே அடங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. ஆபத்து இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் காத்திருக்கிறது. அப்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். பஸ்கி போடுவது சுலபமாகியிருக்கும். ‘நமக்கு வந்துவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் வந்திருப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தசைக்கும் மட்டும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்களும் எலும்பும் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். தெம்பு வந்ததும் இரண்டு வீடியோவைச் சேர்த்துச் செய்கிறோம், விடுபட்ட நாளுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டுகிறோம். குதிகால், முழங்கால் சில்லின் அடிப்பகுதி, தோள் என்று ஏதோ ஓரிடத்தில் ஊசி குத்துவதுபோல ஆரம்பிக்கிறது.

‘முப்பது நாள் சவால்’ என்ற வடிவமே இந்த விஷயத்தில் உடம்புக்கு எதிரானது என்றுதான் சொல்ல வேண்டும். உடம்புக்குக் காலண்டர் தெரியாது. ஒரு மாதத் திட்டத்தை இரண்டு மாதத்தில் முடிப்பவர் தோற்றுவிடவில்லை. ஒரு வாரத்தின் பாடத்தையே இரண்டு வாரம் திரும்பச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போவது, நாற்பதைக் கடந்தவர்களுக்கு மிகச் சரியான வேகம்.

வீடியோக்களில் அடிக்கடி காதில் விழும் சில பெயர்களின் பூர்வீகம் தெரிந்தால் பலருடைய அவசரம் குறையும். ‘டபாடா’ என்பது ஜப்பானிய விஞ்ஞானி இசுமி டபாடாவின் பெயர். 1996-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று செய்தவர்கள் விளையாட்டில் ஊறிய கல்லூரி இளைஞர்கள். செய்தது பயிற்சி சைக்கிளில். சைக்கிளில் கால் பெடலை விட்டு எழும்பாது, தரையில் மோதாது. அதே கணக்கை டைல்ஸ் தரையில் குதித்துக் குதித்துச் செய்தால் கணக்கு மட்டும்தான் டபாடாவுடையது.

‘பர்ப்பி’யும் ஓர் ஆளின் பெயர்தான். குந்தி, கையை ஊன்றி, காலைப் பின்னால் வீசி, திரும்பி எழும் அந்தப் பயிற்சியை ராயல் பர்ப்பி என்ற அமெரிக்கர் 1930-களின் இறுதியில் உடல் தகுதியைச் சோதிக்க வடிவமைத்தார். அவர் செய்யச் சொன்னது நான்கே முறை. அதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணுவார், அவ்வளவுதான். இன்றைய வீடியோக்களில் அது ஐம்பது, நூறு என்று ஓடுகிறது. களைத்த பிறகு செய்யும் ஒவ்வொரு பர்ப்பியிலும் நடு முதுகு தொய்ந்து, இடுப்பு தரையை நோக்கி விழுவதை யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை.

‘ஏழு நிமிட உடற்பயிற்சி’ 2013-ல் ஓர் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழில் வந்த கட்டுரையிலிருந்து புறப்பட்டது. ஆப்களில் ஏறி உலகம் முழுக்கப் பரவியபோது, அந்தக் கட்டுரையின் எச்சரிக்கைப் பகுதி மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. அதிக எடை உள்ளவர்கள், நெடுநாள் பயிற்சி விட்டவர்கள், ஏற்கெனவே அடிபட்டவர்கள், முதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருப்பவர்களுக்கு, சுவரில் சாய்ந்து நாற்காலிபோல் நிற்பதையும், கையூன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்கையும் பரிந்துரைக்கவில்லை என்றும் அதில் இருக்கிறது. அசையாமல் தம் பிடிக்கும்போது மூச்சையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறோம். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்க வேண்டாம். கேட்டுத் தொடங்கினாலும், வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும். எண்ணும் வாயால் மூச்சை அடக்க முடியாது.

இனி, எல்லோருக்கும் பிடித்த தொப்பை. வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கும் வீடியோ என்று தேடினால் வரும் பட்டியலுக்கு முடிவே இல்லை. 1984-ல் ஓர் ஆய்வு வெளியானது. 27 நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப் செய்ய வைத்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிடத்திலும் முன்னும் பின்னும் கொழுப்புச் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் மாற்றம் ஒரே மாதிரிதான். வயிற்றில் மட்டும் தனியாகக் கரையவில்லை. கொழுப்பு உடம்பு முழுக்கப் பொதுவாகத்தான் குறையும். அப்புறம் எதற்காக இத்தனை சிட்-அப்? அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையான மரைன் படை 2023-லிருந்து தன் உடல் தகுதித் தேர்வில் வயிற்றை மடக்கும் கிரஞ்சை எடுத்துவிட்டு பிளாங்கை வைத்திருக்கிறது.

அதிலும் விடிந்ததும் செய்யும் சிட்-அப்புக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ராத்திரி முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதே அதனால்தான். உப்பிய வட்டை அந்த நேரத்தில் முன்னால் மடக்கினால் அழுத்தம் கூடும். காலையில் முதுகை முன்னால் வளைப்பதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட முதுகுவலி குறைந்ததை 1998-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எழுந்ததும் குனிந்து பாதத்தைத் தொடுவதைவிட, வாசல் தெளித்து, காபி போட்டு, அரை மணி, ஒரு மணி நேரம் நடமாடிவிட்டுத் தொடங்குவது முதுகுக்கு நல்லது.

மாதவிடாய் நின்ற பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு முன்னால் வளையும் பயிற்சிகள் முதுகெலும்பை நொறுக்கக்கூடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எலும்புத் தேய்மானம் உள்ள 59 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு. முன்னால் மடங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம். பயிற்சியே செய்யாதவர்களில் 67 சதவீதம். எண்ணிக்கை சிறியது, ஆய்வு பழையது. ஆனாலும் பயிற்சி நல்லதா கெட்டதா என்பதைவிட, எந்தப் பயிற்சி யாருக்கு என்ற கேள்விதான் பெரியது என்று அந்த மூன்று எண்களும் சொல்கின்றன.

பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் இன்னொரு விஷயம், குதிக்கும்போது சிறுநீர் கசிவது. பிரசவத்துக்குப் பிறகு இது பலருக்கும் நேர்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு, பேட் வைத்துக்கொண்டு தொடர்ந்து குதிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. இடுப்பு அடித்தளத் தசைகள் இன்னும் தயாராகவில்லை என்பதன் அடையாளம் அது. அதற்கென்றே பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். பிரசவமாகி மூன்று மாதத்துக்கு முன் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம் என்று பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

யோகாதானே, அதில் என்ன அடிபடப் போகிறது என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே ஒரு பதில் உண்டு. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சிரசாசனத்தில் நிற்க வைத்துக் கண்ணழுத்தத்தை அளந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கண்ணழுத்த நோயான கிளாக்கோமா தனக்கு இருப்பதே தெரியாமல் நடமாடுபவர்கள் நிறையப் பேர். நாற்பதைத் தாண்டியவர்கள் வீடியோ பார்த்துச் சிரசாசனம் கற்பதற்கு முன் ஒருமுறை கண் மருத்துவரிடம் போய் வருவது நல்லது. கழுத்துக்காகச் சொல்வதானால், சிரசாசனத்தை வீடியோ பார்த்துக் கற்கவே வேண்டாம்.

இனி அந்த ஹாலுக்குத் திரும்புவோம். கோரைப்பாய் டைல்ஸ் மேல் வழுக்கும். யோகா மேட் வழுக்காது. ஆனால் அது கை கால் பிடிப்புக்காகச் செய்தது, குதிப்பதன் அதிர்ச்சியைத் தாங்க அல்ல. குதிக்கும் பயிற்சி என்றால் ஷூ வேண்டும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு செய்வது வெறுங்காலைவிட மோசம். நைட்டியின் விளிம்பு காலில் சிக்கும். சுடிதார் பேண்ட், டி-ஷர்ட் போதும். இரண்டு கையையும் தூக்கிக் குதித்தால் சீலிங் ஃபேன் தட்டுமா என்று முதலில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை தவழும் வீடென்றால், கதவைச் சாத்தாமல் தொடங்கக் கூடாது.

செல்போன் இருக்கும் இடம் சின்ன விஷயமாகத் தெரியும். தரையில் சொம்பில் சாய்த்து வைத்த போனைப் பார்க்க, நின்றுகொண்டு செய்யும்போது கழுத்து கீழே தொங்குகிறது. பிளாங்க் போடும்போது தலை மேலே நிமிர்கிறது. பல பேருடைய கழுத்துவலிக்கு மூலம் பயிற்சியில் இல்லை, போனில் இருக்கிறது. டிவியில் இணைத்துப் பார்ப்பது உத்தமம். இல்லையென்றால், நின்று செய்யும் பயிற்சிகளுக்குக் கண் மட்டத்தில் ஷெல்ஃபில் வைத்து, தரைப் பயிற்சிகளில் காதால் மட்டும் கேட்கலாம்.

அதற்கு வீடியோவை முன்பே ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, அசையாமல். எங்கே குதிக்கச் சொல்கிறார்கள், எங்கே குனியச் சொல்கிறார்கள், சுலபமான மாற்று காட்டுகிறார்களா, உடம்பைச் சூடேற்ற ஐந்து நிமிடமாவது ஒதுக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். எடுத்ததும் குதிக்கச் சொல்லும் வீடியோவைத் தயங்காமல் ஒதுக்கலாம். மாற்று காட்டவில்லையென்றால் நாமே வைத்துக்கொள்ளலாம். பஸ்கி முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம். தரையில் தண்டால் முடியாதவர் சுவரிலோ சமையல் மேடையிலோ கையூன்றிச் செய்யலாம். ஜம்பிங் ஜாக்கில் குதிப்பதற்குப் பதில் ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் வைத்து எடுக்கலாம். பிறகு ஒருநாள் போனைப் பக்கவாட்டில் வைத்து நம்மையே படமெடுத்துப் பார்த்தால், முட்டி உள்ளே சாய்வதும் முதுகு கூனுவதும் வெளிச்சமாகத் தெரிந்துவிடும். பயிற்சியாளரின் கண்ணுக்கு மிக அருகில் வரக்கூடியது அதுதான்.

வலியைப் படிக்கத் தெரிவது பெரிய பாதுகாப்பு. இரண்டு பக்கமும் சமமாக, தசை முழுக்கப் பரவி, மறுநாள் வரும் மந்தமான வலி பழகும்போது வருவது. ஒரே பக்கத்தில், மூட்டருகே, விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடத்தில், செய்யும்போதே சுரீர் என்று வருவது காயத்தின் வலி. அங்கேயே நிறுத்த வேண்டும். நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது என்றால் உடனே 108. கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். அதுவும் அவசர சிகிச்சைக்கான நிலைதான்.

கணுக்கால் பிசகினால் நம் ஊரில் முதல் வேலை எண்ணெய் தடவிச் சுளுக்கு எடுப்பது. முதல் மூன்று நாள் அது வேண்டாம். வீங்கிய இடத்தை அழுத்தி உருவினாலும் சூட்டு ஒத்தடம் கொடுத்தாலும் உள்ளே ரத்தக் கசிவு கூடும். கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து, வலிக்காத அளவுக்கு மெல்ல அசைக்கத் தொடங்குவதுதான் இப்போதைய முறை. ஐஸ் பற்றிய கருத்தும் மாறியிருக்கிறது. 1978-ல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற சூத்திரத்தைக் கொடுத்த டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் எழுதினார். வலி தாங்காத முதல் சில மணி நேரத்துக்கு வைக்கலாம், அதற்குமேல் தேவையில்லை. நான்கு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் மேலேயே அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் தொடங்குமுன் அளவைப் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு செய்யவே கூடாது.

இத்தனையும் படித்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று சோபாவில் சாய்ந்துவிடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடத்தி 2014-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள், 54.4 சதவீதம் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. 2023-ல் அதே ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்சக் கணக்கு. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. ஹாலில் அந்தப் பாயை விரிப்பவர் சரியான காரியத்தைத்தான் செய்கிறார்.

நாளைக் காலையில் வீடியோவைப் போடும்போது ரிமோட்டையோ போனையோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இரைத்து ஒரு வாக்கியம் பேச முடியாமல் போனால் நிறுத்துங்கள். முட்டி சுருக்கென்றால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். திரையில் இருப்பவர் தொடர்ந்து குதிக்கட்டும். இரைத்தது மூச்சு மட்டும்தான் என்றால், தண்ணீர் குடித்துவிட்டு, தெம்பு வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.